கழற்குடத்தில் ஒரு வீட்டு வரைபடம்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவர்களுக்குப் பவணந்தி முனிவர் நான்கு உவமைகளைத் தருகிறார். கழற்காய்கள் இட்ட குடம் முதலாவது. அதைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட வரிசையில் வாரா. முன்னதும் பின்னதுமாகக் கலந்து கொட்டும். மடல்கள் சூழ்ந்த பனை இரண்டாவது. நாம் ஏறிப் பறிக்க இயலாது. தானாகப் பழம் உதிர்த்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பஞ்சு அடைத்த குண்டிகை மூன்றாவது. சிரமப்பட்டு அடைத்ததை அதே சிரமத்துடன்தான் பிடுங்கவேண்டும். வளைந்த தென்னை நான்காவது. நீர் ஊற்றியவன் ஒருவன், காயைப் பெறுபவன் வேலிக்கு அப்பால் நிற்பவன். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நூலை இளங்கலை வகுப்பில் நடத்தும்போது, பழைய குருகுலத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் இதை எடுத்துக்கொண்டு மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போவதுண்டு. ஆனால் இந்நான்கு உவமைகளையும் ஒரே கூரையின்கீழ் இன்று காண விரும்புவோர், பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்தக் கடைத்தெருவிலும், கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஏதேனும் ஒரு 'கேட் சென்டரின்' படியேறினால் போதும். வீட்டு வரைபடம் போடும் மென்பொருளைக் கற்பிக்கும் இடங்கள் அவை.

தமிழ் கற்பிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. நம் வகுப்பில் அமரும் மாணவ மாணவியரில் பலர் மாலையில் செல்லும் இடம் அதுதான் என்பது முதல் பதில். இரண்டாவது பதிலை இக்கட்டுரை முழுவதும் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே நிகழும் தோல்வி, கணினித் தோல்வி என்பதைவிட மொழித் தோல்வி என்றே நமக்குத் தோன்றுகிறது.

*

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டமானது. அதன் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டையைச் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டி இருக்கிறது. இரும்பை உருக்கும் உலைகளும் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலைகளும் அங்கு மிகுதி. சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வரும் புறநகர் ரயில், ஷிஃப்ட் மாறும் வேளைகளில் தொழிலாளர்களை இறக்கிவிட்டு வேறு தொழிலாளர்களை ஏற்றிச் செல்கிறது. நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல்கள் மனைப்பிரிவுகளாகி, நட்ட கற்களின்மீது மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன. ஆலையில் இருபது ஆண்டு உழைத்தவர் ஒரு மனை வாங்குகிறார். அதில் வீடு எழுப்ப வங்கிக் கடன் வேண்டும், கடனுக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குப் 'பிளான்' வேண்டும். அந்தப் பிளானைப் போட்டுத் தரும் சிறிய அலுவலகங்களில் வரைவாளர் வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

உலைக்கு முன் நின்ற தகப்பன், தன் மகள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து செய்யும் வேலை ஒன்றைக் கனவு காண்பதில் வியப்பில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். மூன்று மாதத்தில் சான்றிதழ் வருகிறது. வேலையும் கிடைக்கிறது. பலருக்கு அந்த வேலை முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. காரணம் கேட்டால், "படம் போட வருது சார், ஏதாவது கோளாறு வந்தா ஒண்ணும் புரியல" என்பதே மாணவியர் நம்மிடம் கூறும் பதில். இந்தப் பதிலைச் சற்று நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

*

வரைபட மென்பொருளில் வரும் கோளாறுகள் எண்ணற்றவை என்ற அச்சம் மாணவர்களிடம் இருக்கிறது. உண்மையில், வீட்டு வரைபடம் போடும் ஒருவரை அன்றாடம் வழிமறிப்பவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. சிலவற்றைக் காண்போம்.

ஓர் அறையின் தரைக்கு ஓடு பதித்ததுபோல் கோடுகளால் நிரப்பவேண்டும். 'ஹேட்ச்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எல்லை மூடப்படவில்லை என்று மென்பொருள் மறுக்கிறது. திரையில் பார்த்தால் நான்கு சுவர்களும் சரியாகத்தான் சேர்ந்திருக்கின்றன. மூலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இரு கோடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி தென்படும். கோட்டின் முனையைப் பற்றிக்கொள்ளும் 'ஸ்நாப்' வசதியை இயக்காமல், கண்ணளவில் சொடுக்கியதன் விளைவு அது. தாளில் இரண்டு மைக்கோடுகள் தொட்டதுபோல் தெரிந்தால் தொட்டவைதாம். கணினியில் அப்படியில்லை. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைத் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கியபோதே, திரையில் வரையும் படம் என்பது மைத்தடங்களின் தொகுதி அன்று, உறவுகளின் தொகுதி என்பதை நிலைநாட்டிவிட்டார். எந்தக் கோடு எந்தக் கோட்டுடன் இணைந்தது, எது எதற்கு இணையானது என்பதே அங்கு படம். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் முதல் இன்றைய மென்பொருள்கள் வரை இந்த அடிப்படை மாறவில்லை. இதை ஒரு மணிநேரம் விளக்கியிருந்தால் மாணவி அந்த இடைவெளியைத் தானே தேடிச் சென்றிருப்பாள். அவளுக்குச் சொல்லப்பட்டதோ 'எச் அழுத்து, என்டர் தட்டு' என்பது மட்டுமே.

அலகுச் சிக்கல் இன்னொன்று. மென்பொருளுக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது; வெறும் எண் மட்டுமே தெரியும். அதற்குப் பெயரிடுபவர் நாம். பத்தடி அறையை அங்குலத்தில் வரைந்தால் 120, மில்லிமீட்டரில் வரைந்தால் 3048. அங்குலத்தில் வரைந்த படத்தை, அலகைக் கவனியாமல் மில்லிமீட்டர் படத்துக்குள் கொண்டுவந்தால் 120 அங்குல அறை 120 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஐந்து அங்குலத்துக்கும் குறைவான அறை! திரையில் அது ஒரு புள்ளிபோல் எங்கோ கிடக்க, படம் காணாமல் போய்விட்டதென்று மாணவி பதறுகிறாள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதை அறிந்து, அந்த மடங்குக்குப் பெருக்கினால் தீர்ந்துவிடும் காரியம் இது.

அச்சுச் சிக்கல் மூன்றாவது. 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருப்பதை அறியாமல் அச்சிட்டால், படத்தின் கீழே ஓர் அளவுத்திட்டம் எழுதப்பட்டிருக்கும், படம் வேறோர் அளவில் இருக்கும். அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற பழைய முறையில் அச்சிட்ட படத்தை நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகோலால் படித்தாலும் இதே கதைதான். முந்தையது உண்மையில் 96க்கு ஒன்று. முப்பதடிச் சுவர் தாளில் மூன்றேமுக்கால் அங்குலமாக இருக்கும். நூறால் பெருக்கிப் படிப்பவருக்கு அது முப்பத்தோரடி மூன்றங்குலமாகிவிடும். தாளின்மீது அளவுகோல் வைக்காதே, எழுதிய அளவையே நம்பு என்று அனுபவமுள்ள பொறியாளர்கள் கூறுவது இதனால்தான்.

தமிழில் எழுதினால் கேள்விக்குறிகளாகத் தோன்றுவது நான்காவது. 'சமையலறை' என்று ஒருங்குறியில் தட்டினால் '?????' என்று வருகிறது. மென்பொருளோடு பழங்காலம் முதல் வரும் கோட்டெழுத்து வகைகளில் தமிழ் எழுத்துருக்கள் இல்லை. எழுத்துப் பாணியை லதா, நிர்மலா போன்ற ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழ் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய படமாயின், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தோன்றும். இந்த எளிய செய்தி தெரியாததால், தமிழை மென்பொருள் ஏற்காது என்று முடிவுகட்டி, மேஸ்திரிக்குப் போகும் படத்திலும் அறைப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்.

மின்சாரம் போய்க் கோப்பு கெட்டுவிட்டால், பழைய பிரதி அதே உறையில் 'பேக்' என்ற பின்னொட்டுடன் உறங்கிக்கொண்டிருக்கும். பின்னொட்டை மாற்றினால் எழுந்துவிடும். கெட்ட கோப்பைச் செப்பனிட 'ரெக்கவர்', 'ஆடிட்' என்ற கட்டளைகள் உண்டு. ஒருநாள் திடீரென்று 'எக்ஸ்ப்ளோடு' போன்ற வழக்கமான கட்டளைகள் வேலை செய்யாமல் போனால், பென்டிரைவில் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கேட் நச்சுநிரல் காரணமாக இருக்கலாம். உடைக்கப்பட்ட திருட்டு மென்பொருளை நிறுவிய கணினிகள் இதற்கு நல்ல விளைநிலங்கள்.

மேற்கண்ட எதுவும் பெரிய அறிவியல் அன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது; காரணத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. தர்க்கத்தைத் தாய்மொழியில் சொல்லிக்கொடுத்தால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் கட்டளைகளை மட்டும் அகரவரிசையில் கொட்டுவதையே கழற்குடம் என்கிறோம். 'ஆர்க்' முதல் நாள், 'அர்ரே' இரண்டாம் நாள் என்று நடத்தும் வகுப்பில், வீடு என்ற முழுமை எந்த நாளிலும் வருவதில்லை.

*

இனி மேஸ்திரிகளிடம் வருவோம். கொத்து வேலையிலும் தச்சு வேலையிலும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு 'நூல்' என்று பெயர். மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்று கடையில் கேட்பது இதன்படியே. கும்மிடிப்பூண்டி ஆலைகள் பத்து மில்லிமீட்டர், பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று உருட்டி அனுப்புவதைத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். சுவரின் நேர்மையைப் பார்ப்பதற்குக் கட்டும் கயிறும் நூல்தான். நாம் கற்பிக்கும் ஏடும் நூல்தான். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல, மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் ஏட்டுக்கு அப்பெயர் வந்தது என்று விளக்கும் பவணந்தியார், தச்சுப்பட்டறையை அறியாதவராக இருந்திருக்க முடியாது. அவருக்கும் முன்னே, நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்குக் கால்கொள்வதை விவரிக்கிறார். கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலைத் தேர்ந்து, திசை குறித்து, கயிறு கட்டி மனை வகுத்தவர்களை அவர் நூல் அறிந்த புலவர்களாகவே பேசுகிறார். அளப்பவனும் கற்றவனும் அங்கே ஒருவனே.

இன்றைய பயிற்சிக்கூடத்தில் இவ்விருவரும் பிரிந்துவிட்டார்கள். நமக்கு அறிமுகமான மேஸ்திரி ஒருவர், இருபதடி அகல வீட்டுக்கான பிளான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதை வரைந்த பெண்ணிடம் கேட்டார்: "இன்னா பாப்பா, இதுல ரெண்டு பத்தடி ரூம் போட்டுக்கிற, செவுரு எங்க நிக்கும்?" அந்தப் பெண் சுவரை ஒற்றைக் கோடாக வரைந்திருந்தாள். ஒன்பதங்குலச் சுவர் மூன்று நின்றால் இரண்டடி மூன்றங்குலம் போய்விடும். மிச்சம் பதினேழடி ஒன்பதங்குலம். ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் எட்டடி பத்தரை அங்குலம். இருபுறமும் பூச்சு அரையங்குலம் வீதம் ஏறினால் இன்னும் ஓர் அங்குலம் குறையும். பத்தடி அறை என்று நம்பி வாங்கிய கட்டிலும் பீரோவும் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். "அண்ணா, சாஃப்ட்வேர்ல எர்ரர் எதுவும் காட்டலையே" என்றாள் அவள். அவள் சொன்னதும் உண்மைதான். மென்பொருள் கோட்டின் பிழையைக் காட்டும். வீட்டின் பிழையைக் காட்டாது.

படிக்கட்டும் அப்படியே. தளத்துக்குத் தளம் பத்தடி உயரம், ஒரு படியின் ஏற்றம் ஆறங்குலம் என்றால் இருபது ஏற்றங்கள் வேண்டும். நடுவில் மடக்கிக் கட்டினாலும் ஒரு பக்கத்துக்குப் பத்து ஏற்றம், ஒன்பது மிதி. மிதி பத்தங்குலம் என்றால் ஏழரை அடி. திரும்பி நிற்க மூன்றடி மேடை. ஆகப் பத்தரை அடி நீளம் தேவை. எட்டடி இடத்தில் அழகாகப் பொருத்திய படிக்கட்டுகளைப் பல வரைபடங்களில் காண்கிறோம். மூலையில் மிதிகளை விசிறிபோல் ஒடித்து மேஸ்திரி எப்படியோ அதைக் கட்டிமுடித்துவிடுகிறார். அதில் எழுபது வயதில் ஏறப்போகும் மூட்டுகளுக்கு எந்த மென்பொருளும் பொறுப்பேற்பதில்லை.

தரைமட்டம் மற்றொன்று. திரையில் நிலம் என்பது சுழியம், எங்கும் சமதளம். ஆனால் இம்மாவட்டத்தின் நிலம் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலுக்கு இறங்கும் நிலம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் கண்டவர்களுக்குப் 'பேஸ்மட்டம்' எத்தனை அடி உயர்த்துவது என்பது குடும்பத்தின் முதன்மைக் கேள்வி. சாலையைவிட எவ்வளவு, சாலை நாளை உயர்ந்தால் எவ்வளவு, அண்டை மனையின் நீர் எப்பக்கம் வடியும் என்று மேஸ்திரி கேட்பார். வரைவாளருக்கு அக்கேள்விகள் கற்பிக்கப்படுவதில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் யாரோ முன்பு இட்ட இரண்டடி, பிரதியெடுத்துப் பிரதியெடுத்து எல்லா வீடுகளுக்கும் இரண்டடியாகவே இருந்துவருகிறது.

*

இது இப்போது கூடுதல் கவனம் பெறவேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் குடியிருப்புகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. அலுவலகம் அலுவலகமாக நடக்கவேண்டிய அவலம் குறைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் சுயசான்று என்றால், படம் விதிப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரே உறுதிகூறுகிறார் என்று பொருள். அவர் ஆலைத் தொழிலாளி; படத்தைப் படிக்கத் தெரியாதவர். படத்தை வரைந்தவளோ மூன்று மாதப் பயிற்சியில் கட்டளைகளை மட்டும் கற்றவள். முன்பு ஒரு பிழை அலுவலரின் மேசையில் தடுக்கப்பட வாய்ப்பு இருந்தது. இன்று அதே பிழை உடனடியாக அனுமதி பெற்றுவிடக்கூடும், வீட்டுக்காரரின் உறுதிமொழியைத் தலையில் சுமந்துகொண்டு. நாளை விதிமீறல் என்று எவரேனும் வந்து நின்றால், பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

*

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

பயிற்சி நிலையத்தாரின் தரப்பு முதலாவது. மூன்று மாதத்துக்குமேல் மாணவர் தங்கமாட்டார். வாடகை, மின்கட்டணம், குறைந்த ஊதியத்துக்கு வரும் பயிற்றுநர் என்று அவர்கள் நிலை. இதில் உண்மை உண்டு. ஐ.டி.ஐ.களில் கட்டட வரைவாளர் தொழிற்பிரிவு இரண்டாண்டுப் படிப்பு என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் அதே வேலைக்கு ஆள் தயாரிப்பதாகச் சொல்வதன் பொருத்தமின்மை விளங்கும். 2022இல் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய தொழில்நுட்பத்துக்கு உயர்த்தும் திட்டமும், கல்லூரி மாணவர்களுக்கான 'நான் முதல்வன்' திட்டமும் வந்தன. கருவிகள் வந்துவிட்டன. கருவி பழுதுபட்டால் என்ன செய்வது என்பதைத் தமிழில் சொல்லும் நூறு பக்க ஏடு ஒன்று ஏன் ஒவ்வொரு மேசையிலும் இல்லை என்பதே நம் கேள்வி.

இத்தொழிலின் மொழி ஆங்கிலம், தமிழில் கற்பித்தால் மாணவர் பின்தங்குவர் என்பது இரண்டாவது வாதம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் இதே வாதம் எழுந்தது. நாம் கட்டளைகளைத் தமிழாக்கச் சொல்லவில்லை. 'ட்ரிம்', 'ஆஃப்செட்' ஆகியவை அப்படியே இருக்கட்டும். கொத்தனாரின் 'லிண்டல்', 'சன்ஷேடு' அப்படியே இருப்பதுபோல. கலைச்சொல்லாக்கத்தில் நமக்குள்ள ஆர்வம், சொல்லை மாற்றியவுடன் பணி முடிந்தது என்ற நிறைவில் பலமுறை நின்றுவிடுகிறது. மாணவிக்குத் தேவைப்படுவது ஆஃப்செட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் அன்று. ஒன்பதங்குலம் தள்ளி இணைகோடு போடும்போது அது சுவரின் உட்புறமா வெளிப்புறமா, பத்தடி என்று வீட்டுக்காரர் சொன்னது எந்த முகத்திலிருந்து எந்த முகத்துக்கு என்ற சிந்தனை. அந்தச் சிந்தனை அவள் கனவு காணும் மொழியில்தான் நடக்கும். மென்பொருளுடன் வரும் ஆங்கில உதவிப் பக்கங்கள் அவளுக்கு மடற்பனை. பழம் உச்சியில் இருக்கிறது; அவளால் ஏற முடியாது.

மூன்றாவது வாதம் இன்றைக்குரியது. அறைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் செயற்கை நுண்ணறிவே பிளான் போட்டுத் தருகிறதே, இனி வரைவாளர் எதற்கு என்கிறார்கள். வரைவதை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்பது மெய்யாகலாம். அப்போது மனிதரிடம் எஞ்சும் வேலை என்ன? வந்த படத்தில் பிழை எங்கே என்று காண்பது. எட்டடிப் படிக்கட்டை இயந்திரமும் அழகாக வரையும். கட்டளைகளை மட்டும் கற்றவரின் வேலை போகும். பிழை காணக் கற்றவரின் வேலை நிற்கும். ஆகவே இவ்வாதம் நம் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது.

*

என்ன செய்யலாம்? நான்கு செய்திகளை முன்வைக்கிறோம்.

ஒன்று. முதல் வாரம் கணினியைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டை டேப் வைத்து அளந்து, சுவர்க் கனம் உட்பட, கட்டம் போட்ட தாளில் வரைந்து வரவேண்டும். சிப்காட் அருகே லைன் வீட்டின் ஒற்றை அறையில் வசிப்பவர் அந்த அறையை வரையட்டும். பத்துக்குப் பத்தில் அடுப்பும் பாயும் பிள்ளையின் புத்தகப் பையும் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்தவருக்கு வீட்டமைப்பைப் பற்றி மென்பொருள் சொல்லித்தரப் புதிதாக அதிகம் இராது.

இரண்டு. தேர்வு முறை மாறவேண்டும். வெற்றுத் திரையில் சுத்தமான படம் ஒன்றை வரையச் சொல்லும் தேர்வு, மனப்பாடத் தேர்வின் இன்னொரு வடிவம். அதற்குப் பதிலாக, பழுதான படம் ஒன்றைக் கொடுக்கவேண்டும். அதில் அலகு தவறியிருக்கும், மூலை மூடாமல் இருக்கும், எழுத்துரு சிதைந்திருக்கும், படிக்கட்டு ஏறமுடியாததாக இருக்கும். பிழைகளைக் கண்டுபிடித்து, காரணம் எழுதி, திருத்தித் தருபவருக்கே சான்றிதழ். ஒற்றுப்பிழையை நீக்கி எழுதுக என்று தமிழ்த் தேர்வில் கேட்கிறோமே, அதே முறைதான்.

மூன்று. ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் ஒரு பிழையேடு இருக்கவேண்டும். கண்டது என்ன, ஐயப்பட்டது என்ன, காரணம் எது, தீர்த்தது எப்படி என்று நான்கு பத்திகள். சந்தித்த கோளாற்றை மாணவரே எழுதி, அடுத்த அணிக்கு விட்டுச்செல்ல வேண்டும். ஆசிரியர் சொல்வதை நன்கு உள்வாங்கினாலும் கல்வியில் கால்பங்குதான் கிட்டும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதில் மீதி இரண்டு கால் என்று கணக்குச் சொன்னவரும் பவணந்தியார்தான். எழுதி வைப்பது எடுத்துரைப்பதே. குண்டிகைக்குள் பஞ்சுபோல் ஒவ்வொருவரும் தனித்தனியே அடைத்து வைத்திருக்கும் அனுபவத்தை வெளியே எடுக்க வேறு வழி நமக்குத் தெரியவில்லை. தமிழ்த்துறைகள் இப்பணியில் உதவலாம். தெளிவாக எழுதச் சொல்லிக்கொடுப்பது நம் தொழில். தமிழ் முதுகலை மாணவர் ஒருவர் இத்தகைய ஏடு ஒன்றைச் செப்பம் செய்து பதிப்பித்தால், அது பல ஆய்வேடுகளைவிடப் பயன்படும் என்று துணிந்து சொல்வோம்.

நான்கு. மென்பொருளை நேர்வழியில் பெறவேண்டும். ஒருமுறை விலை கொடுத்தால் என்றைக்கும் சொந்தம் என்ற முறையில் புதிய ஆட்டோகேட் விற்பதை அந்நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. இன்று சந்தா கட்டியே பயன்படுத்தவேண்டும். தகுதியுள்ள மாணவர்களுக்குக் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது கற்க மட்டும், கூலிக்குப் படம் போட அன்று. கட்டற்ற மென்பொருள்களில் இருபரிமாணப் படத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட், அறையில் தட்டுமுட்டுகளைப் பரப்பிப் பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி ஆகியவை உள்ளன. இவற்றில் பழகியவருக்கு ஆட்டோகேட் அலுவலகம் அந்நியமாகத் தோன்றாது, அடிப்படை ஒன்றே. மாறாக, உடைத்த மென்பொருளில் மட்டும் பழகியவர் தம் சொந்தக் கணினியில், தம் பெயரில், ஒரு சிறு தொழிலைத் தொடங்கவே அஞ்சுவார். கற்றவள் என்றும் யாரோ ஒருவரின் அலுவலகத்தில் கூலிக்கே அமரவேண்டியிருக்கும். நீர் ஊற்றிய தகப்பனின் முற்றத்தில் காய் விழாத அந்த முடத்தெங்கு இதுவே.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருட்செலவு தேவையில்லை. ஒரு டேப், கட்டம் போட்ட தாள், நாற்பது பக்க நோட்டு, மாதம் ஒருமுறை அரைநாள் வந்து வகுப்பில் அமர்ந்து மாணவர்களின் படங்களைக் குறைசொல்லும் ஒரு மேஸ்திரி. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். 'கெஸ்ட் லெக்சரர்' என்று பலகையிலும் எழுதுங்கள். நூல் பிடிக்கத் தெரிந்தவரை நூலறிந்தவராக மதிப்பது நக்கீரர் காலத்து வழக்கம்தானே. பயிற்சி நிலையம் நடத்துவோரோ, வரைவாளராகப் பணியாற்றுவோரோ வாசகர்களில் இருந்தால், தாம் சந்தித்த கோளாறுகளில் மூன்றையேனும் காரணத்தோடு தமிழில் எழுதித் தரவேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதல் பிழையேட்டின் முதல் பக்கங்களாக அவை அமையட்டும்.